சீட்டில் மருந்தின் பெயரை எழுதுங்கள்

2025 மே மாதத்தில் ஒரு நாள், எலவனாசூர்கோட்டையில் சேலம் சாலையோரம் ஒரு மருந்துக் கடையின் நிழலில் கள்ளக்குறிச்சிப் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். எழுபது வயதைத் தாண்டிய விவசாயி ஒருவர் வந்தார். மடித்து மடித்து, மடிப்பில் கிழியத் தொடங்கிய மருந்துச் சீட்டைக் கண்ணாடி மேசைமேல் விரித்தார்.

"பத்து நாளைக்குக் குடு தம்பி."

கடைக்காரத் தம்பி ஓர் அட்டையை எடுத்து வைத்தார். பெரியவர் இடுப்பு மடியிலிருந்து ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளையும் ஒரு நூறு ரூபாய்த் தாளையும் எடுத்து வைத்தார். வைத்த பிறகும் விரல்கள் அந்தத் தாள்களின் மேலேயே சற்று நேரம் இருந்தன.

"மாசத்துக்கும் சேத்தே வாங்கிடலாமே ஐயா?" என்று கேட்டேன்.

"கரும்புப் பணம் வரட்டும். ஒருநாள் வுட்டு ஒருநாள் போட்டுக்கறேன். பத்து மாத்திரை இருவது நாளைக்கு வந்துடுது."

அட்டையை வாங்கிப் பார்த்தேன். கம்பெனி வைத்த பெயரோடு, எம்பாகிளிஃப்ளோசின் 10 மில்லிகிராம் என்று மருந்தின் பெயரும் இருந்தது. சர்க்கரை நோய்க்கு மட்டுமல்ல, இதயம் தளர்ந்தவர்களுக்கும் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் இன்று மருத்துவர்கள் எழுதும் மாத்திரை. அதன் இந்தியக் காப்புரிமை 2025 மார்ச் 11-ஆம் தேதி முடிந்துவிட்டது. அந்த வாரமே நம் நாட்டுக் கம்பெனிகள் பல அதே மருந்தைத் தங்கள் பெயரில் கடைக்கு அனுப்பின. மாத்திரை ஒன்று ஏறக்குறைய 60 ரூபாய்க்கு விற்ற இடத்தில், சில கம்பெனிகளின் மாத்திரை ஐந்தரை ரூபாய்க்கு வந்தது.

"விலை குறைஞ்சது உங்ககிட்ட இருக்கா தம்பி?"

"இருக்கு சார். ஆனா சீட்டுல எழுதுன பேரத்தான் குடுக்கணும். மாத்திக் குடுத்தா சட்டப்படியும் தப்பு. டாக்டரும் கூப்பிட்டுக் கேப்பாரு."

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மேசைக்கு இந்தப் பக்கம், விலை இறங்கி இரண்டு மாதம் ஆன ஒரு மருந்துக்கு இறங்காத விலையைக் கொடுத்துவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் தன் சிறுநீரகத்தைக் காவலில்லாமல் விடுகிற மனிதர் நிற்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 1800 ரூபாய்க்கும் 165 ரூபாய்க்கும் இடையே 1635 ரூபாய். 2025-26-ஆம் ஆண்டுக்குத் தமிழகத்தில் அறிவிக்கப்பட்ட நூறுநாள் வேலைக் கூலி 336 ரூபாய். தினமும் மாத்திரை போட்டால், மாதத்தில் ஐந்து நாள் வெயிலில் மண்வெட்டி பிடித்த கூலியை, ஒன்றுமில்லாத ஒன்றுக்காக அவர் வீட்டார் கொடுக்க வேண்டியிருக்கும்.

மருத்துவர்களே, முதலில் உங்களிடம்தான் வருகிறேன். கடைக்காரரின் கை கட்டப்பட்டிருக்கிறது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65-ஆவது விதியின் (11ஏ) பிரிவு, சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளுக்கு ஒரு கட்டளை போட்டிருக்கிறது. சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கக் கூடாது, உள்ளே இருக்கும் மருந்து அதுவேயானாலும் கூடாது. நோயாளிக்கோ பெயர் படிக்கத் தெரியாது. தெரிந்தாலும் உங்கள் எழுத்தின்மேல் கைவைக்கத் துணியமாட்டார். ஆக, அந்த அறுநூறு ரூபாயை ஐம்பத்தைந்து ரூபாயாக்கும் வல்லமை இந்த நாட்டில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் இருக்கிறது. அது உங்கள் சட்டைப்பையில் செருகியிருக்கிறது. கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் மூலப்பெயரை எழுதினால் போதும். கடைக்காரரின் கட்டு அவிழ்ந்துவிடும்.

இது உங்கள் விருப்பத்துக்கு விடப்பட்ட தருமமும் அல்ல. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வகுத்த ஒழுக்க விதிகள், மூலப்பெயரில் எழுதச் சொல்லின. 2016-இல் அதைத் திருத்தி, தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இறுக்கினார்கள். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் இன்னும் கடுமையான விதிகளை அறிவித்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. அந்த மாதம் முடிவதற்குள் அவை நிறுத்திவைக்கப்பட்டன. அத்தோடு விஷயம் முடிந்தது என்று பல மருத்துவர்கள் நிம்மதியாகிவிட்டார்கள். முடியவில்லை. புதிய விதி ஒதுங்கியதும் பழைய 2002 விதிதான் மீண்டும் வந்து உட்கார்ந்தது, 2016 திருத்தத்தோடு சேர்த்து. இன்று காலை கம்பெனிப் பெயரை மட்டும் கிறுக்கிக் கொடுத்த ஒவ்வொரு சீட்டும் அந்த விதியை மீறிய சீட்டு.

மருந்துக் கம்பெனிகளின் ரெப் தம்பிகள் வாசலில் பையோடு காத்திருப்பதை நோயாளிகளும் பார்க்கிறார்கள். அவர்கள் பிழைப்புக்காக நிற்கிறார்கள், அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் பின்னால் வருகிறதே, அதைப் பற்றித்தான் வருத்தம். சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனம் மருத்துவர்களுக்குக் கொடுத்த அன்பளிப்புகளைத் தொழில் செலவாகக் காட்டி வரிவிலக்குக் கேட்டது. 2022 பிப்ரவரி 22-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுத்தது. தங்கக் காசு, தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, மடிக்கணினி, வெளிநாட்டுப் பயணம் எல்லாம் அந்தத் தீர்ப்பில் பேசப்படுகின்றன. இந்தப் பொருள்களின் விலை கடைசியில் மருந்தின் விலையில் ஏறி நோயாளியிடமே வசூலாகிறது என்பதுதான் நீதிபதிகளின் கவலை. வாங்கும் மருத்துவருக்கு அது 2009-இலிருந்தே தடை செய்யப்பட்டது. உங்களில் பலர் வாங்குவதில்லை என்பதை நான் அறிவேன். வாங்காதவர்கள்தான் வாங்குகிறவர்களிடம் பேச வேண்டும். சங்கக் கூட்டத்தில், தேநீர் வேளையில், பெயர் சொல்லாமலாவது பேசுங்கள். வெளியாள் நான் பேசினால் அது வசையாகிவிடும். நீங்கள் பேசினால் வெட்கமாகும்.

அந்த ஐந்தரை ரூபாய் மாத்திரை தானாக வானத்திலிருந்து விழுந்ததல்ல. அதற்காக நம் மண்ணில், சென்னையில், எத்தனை பேர் எத்தனை வருடம் நின்றார்கள் என்பது தெரிந்தால் இந்தச் சீட்டை எழுதும் கை கொஞ்சம் தயங்கும் என்று நம்புகிறேன். அதனால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நாடு விடுதலையானபோது நம்மிடம் இருந்தது வெள்ளைக்காரன் போட்ட காப்புரிமைச் சட்டம். சென்னையில் வழக்கறிஞராகி, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகி, பிறகு உச்ச நீதிமன்றம் போன என். ராஜகோபால ஐயங்காரிடம் அதை ஆராயும் பொறுப்பு வந்தது. 1959-இல் அறிக்கை கொடுத்தார். இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு வெளிநாட்டார் கையில் இருக்கின்றன, அவற்றிலும் பெரும்பகுதி இங்கே உற்பத்திக்கே வருவதில்லை என்று எடுத்துக்காட்டினார். உணவுக்கும் மருந்துக்கும் பொருளின்மேல் உரிமை கொடுக்காதீர்கள், செய்யும் முறையின்மேல் மட்டும் கொடுங்கள் என்றார். 1970-இல் அது சட்டமாகி 1972-இல் நடைமுறைக்கு வந்தது. வேறு வழியில் அதே மருந்தைச் செய்யத் தெரிந்தவன் செய்து விற்கலாம் என்றானது. நம் நாட்டு மருந்துத் தொழில் வளர்ந்தது அந்த முப்பது ஆண்டுகளில்தான். 2001-இல் எய்ட்ஸ் மருந்துக்கு மேலைக் கம்பெனிகள் ஆளுக்கு ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கேட்டபோது, மும்பையின் சிப்லா 350 டாலருக்குத் தருகிறேன் என்று முன்வர முடிந்ததும் அதனால்தான். 2004 ஏப்ரலில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையில் அந்த மருந்துகளை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. உளுந்தூர்ப்பேட்டை வழியாக இரவெல்லாம் ஓடும் லாரிகளின் ஓட்டுநர்களில் எத்தனை பேரை அது பிழைக்க வைத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

உலக வர்த்தக ஒப்பந்தத்துக்கு உட்பட்டு, 2005 ஜனவரி 1 முதல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை திரும்ப வந்தது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. ஆனால் நாடாளுமன்றம் ஒரு காவலையும் வைத்தது. அதுதான் 3(டி) பிரிவு. தெரிந்த மருந்தையே சற்று உருமாற்றிக் கொண்டுவந்து புதுசு என்று சொன்னால் செல்லாது. நோயைத் தீர்ப்பதில் அது மேம்பட்டது என்று காட்ட வேண்டும். இருபது வருடம் முடியப் போகும்போது உப்பை மாற்றி, படிகத்தை மாற்றி, இன்னொரு இருபது வருடம் கேட்கும் தந்திரத்துக்கு அங்கே தாழ்ப்பாள் விழுந்தது.

அந்தத் தாழ்ப்பாளை உடைக்க முயன்ற முதல் பெரிய வழக்கு சென்னையில் நடந்தது. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு உயிர்காக்கும் மருந்து இமாடினிப். நோவார்டிஸ் நிறுவனம் கிளிவெக் என்ற பெயரில் விற்றது, மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய். நம் கம்பெனிகள் அதையே 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கொடுத்துவந்தன. அந்த மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்டிஸ் 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் சில கம்பெனிகளும் எதிர்த்தன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து, 3(டி) பிரிவே அரசியலமைப்புக்கு விரோதமானது என்றது. 2007 ஆகஸ்ட் 6-ஆம் தேதி நீதிபதிகள் ஆர். பாலசுப்ரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். குடிமக்களுக்கு உயிர்காக்கும் மருந்து எளிதில் கிடைக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தின் நோக்கம் என்று எழுதினார்கள். பிறகு உச்ச நீதிமன்றம். 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி அங்கும் நோவார்டிஸ் தோற்றது.

அதே பிரபா ஸ்ரீதேவன், அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தின் தலைவராக இருந்தபோது இன்னொரு கதவையும் திறந்து வைத்தார். சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான சோராஃபெனிபை பேயர் நிறுவனம் மாதம் 2,80,428 ரூபாய்க்கு விற்றது. காப்புரிமை உயிரோடு இருக்கும்போதே, விலை மக்களுக்கு எட்டவில்லை என்ற காரணத்தால், 2012 மார்ச்சில் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. நாட்கோவின் விலை 8,880 ரூபாய். மேல்முறையீட்டில் 2013 மார்ச்சில் வாரியம் அதை உறுதி செய்தது.

காசநோய்க்கான பெடாகுயிலின் கதையும் இதே வரிசையில்தான். அதன் காப்புரிமை 2023 ஜூலையில் முடிய இருந்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் உப்பு வடிவத்தைக் காட்டி 2027 வரை நீட்டிக்கக் கேட்டது. காசநோய் மருந்தின் பக்கவிளைவால் காது கேட்கும் திறனை இழந்த இரண்டு பெண்கள், மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலேயும், எதிர்த்து மனுப் போட்டார்கள். 2023 மார்ச்சில் அந்த நீட்டிப்பு மறுக்கப்பட்டது. தங்களுக்கு வேண்டியிருந்த காலத்தில் கிடைக்காத மருந்து மற்றவர்களுக்காவது நான்கு வருடம் முன்னதாகக் கிடைக்கட்டும் என்று அவர்கள் வாதாடினார்கள்.

நான்கு வருடத்தை மிச்சம் பிடிக்க அவர்கள் அத்தனை பாடுபட்டார்கள். நாமோ, காப்புரிமை முடிந்த பிறகும் வருடக்கணக்கில் பழைய பெயரையே எழுதி, அந்த வருடங்களைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நீதிமன்றம் தர மறுத்த நீட்டிப்பை மருந்துச் சீட்டு தருகிறது. சென்னை எங்கள் ஊரிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். தீர்ப்பு அத்தனை தூரமும் வந்து, கிளினிக் மேசையில் அரை அடி தூரத்தில் நின்றுவிடுகிறது.

"விலை குறைஞ்ச மாத்திரை வேலை செய்யுமா?" இந்தக் கேள்வியை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. மருந்தை நம்பித்தான் மனிதன் விழுங்குகிறான். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஓர் இருமல் மருந்தைக் குடித்து இறந்தார்கள். அது காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்சாலை ஒன்றில் செய்தது. நம் மாநில ஆய்வகம் அதில் 48.6 சதவீதம் டைஎதிலீன் கிளைகால் என்ற நஞ்சு இருப்பதைக் கண்டது. அந்தக் குழந்தைகளின் முகத்தை மறந்துவிட்டு மருந்தின் தரத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது. ஆனால் அந்தப் பாட்டிலைப் பாருங்கள். கோல்ட்ரிஃப் என்ற கம்பெனிப் பெயரோடு வந்தது. மருத்துவர் அந்தப் பெயரைத்தான் எழுதினார். பெயர் நஞ்சைத் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டியது தொழிற்சாலைக்குள் நுழைந்து பார்க்கும் ஆய்வாளரும், வெளியே வருமுன் நடக்கும் சோதனையும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதிகாரிகளே, அந்தக் கடமையில் நீங்கள் தவறும் ஒவ்வொரு நாளும், விலை குறைந்த நல்ல மருந்தின்மேலும் மக்களுக்கு நம்பிக்கை போகிறது. உங்கள் சோதனைதான் ஏழையின் துணிவு.

சோதித்து வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கியது. மருந்துகளை மூலப்பெயரில் மொத்தமாக வாங்குவது, கிடங்குக்கு வந்த ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து, செய்த கம்பெனி எதுவென்று ஆய்வகத்துக்குத் தெரியாதபடி குறியீடு போட்டுச் சோதனைக்கு அனுப்புவது, தேறாதவனைக் கறுப்புப் பட்டியலில் வைப்பது என்று ஒரு முறையை வைத்தது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன முறை அது. சிறுவங்கூரில் இருக்கும் கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நீட்டுகிற அட்டையும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலுக்கு வரும் பிரஷர் மாத்திரையும், அரசு முத்திரை குத்தி, மூலப்பெயரில் வரும் ஜெனரிக் மருந்துகள்தான். "கவர்மென்ட்டு மாத்திரை கேக்காது" என்று அதைப் பரணில் போட்டுவிட்டு, கடன் வாங்கிக் கம்பெனி மாத்திரை வாங்கும் வீடுகள் எனக்குத் தெரியும். அந்த வீடுகளில் ஓர் அரசு ஊழியரின் வீடும் உண்டு என்பதுதான் வேதனை.

2017-இலிருந்து இன்னொரு பாதுகாப்பும் உண்டு. நீரில் எளிதில் கரையாத மருந்துகளைப் புதிதாகச் செய்ய உரிமம் கேட்கும் கம்பெனி, தன் மாத்திரை ரத்தத்தில் சேர்வது மூல மருந்து சேர்வதற்கு ஈடாக இருக்கிறது என்று சோதித்துக் காட்ட வேண்டும். அதற்கு முன்பே உரிமம் வாங்கிய எல்லா மருந்துக்கும் அந்தச் சோதனை நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். அதனால் மருத்துவர்களின் ஐயம் முழுக்க வீண் அல்ல. ஆனால் ஐயம் இருந்தால் அதற்குரிய இடம் இருக்கிறது. சரியாக வேலை செய்யாத மருந்தைப் பற்றி மருந்து ஆய்வாளருக்குத் தொகுதி எண்ணோடு எழுதுங்கள். ஐயத்தைக் காரணமாக வைத்து எல்லா ஏழையையும் அறுநூறு ரூபாய் கட்ட வைக்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கை மட்டும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், யாரும் இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் போன்றவை, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் ஆகியவற்றில் அளவு நூலிழை ஏறினாலும் இறங்கினாலும் ஆபத்து. நோயாளிகளே, இவற்றை நீங்களாகக் கடையில் மாற்றாதீர்கள். மருத்துவரைக் கேட்டு மாற்றுங்கள். மாற்றிய பின் ஒரே கம்பெனியிலேயே நில்லுங்கள். சொன்ன நாளில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

மருந்துக்கடைத் தம்பிமார்களே, மருத்துவர் மூலப்பெயரை எழுதிவிட்டால் தேர்வு உங்கள் கைக்கு வருகிறது. அப்போது என்ன செய்வீர்கள்? ஜெனரிக் என்று வரும் அட்டைகளில் நீங்கள் வாங்கும் விலைக்கும் மேலே அச்சிட்டிருக்கும் விலைக்கும் எத்தனை மடங்கு இடைவெளி என்பது உங்களுக்குத்தான் தெரியும். அச்சிட்ட விலையையே வாங்கிக்கொண்டு "இதுல தள்ளுபடி இல்லை பெரியம்மா" என்று சொன்னால், மருத்துவரிடமிருந்து பிடுங்கி உங்களிடம் கொடுத்ததாகத்தான் ஆகும். உங்கள் வாடகையும் மின்கட்டணமும் எனக்குத் தெரியும். நியாயமான லாபம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மருந்தில் மூன்று விலை இருந்தால் மூன்றையும் மேசையில் வைத்துக் காட்டுங்கள். அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற பக்கத்தை வாங்குபவரிடம் கொடுங்கள். விலைப் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின் சொல். அலமாரிக்குப் பின்னால் சுருட்டி வைப்பதற்கு அல்ல.

படித்த பிள்ளைகளே, இனி உங்களிடம். நோயாளி, மருத்துவர், மருந்து என்ற மூன்றோடு, அருகிலிருந்து மருந்து கொடுப்பவரையும் மருத்துவத்தின் நான்காவது கூறாக வைத்தார் வள்ளுவர். சென்னையிலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நீங்கள்தான் அந்த நான்காமவர். மாதம் பணம் அனுப்பிவிட்டுக் கடமை தீர்ந்தது என்று இருக்கிறீர்கள். அந்தப் பணத்தில் எவ்வளவு மாத்திரையாகிறது என்று கேட்டதுண்டா? அப்பா நாள் விட்டு நாள் போடுவதை உங்களிடம் சொல்லமாட்டார். "நல்லா இருக்கேம்பா" என்றுதான் சொல்வார். ஊருக்கு வரும்போது மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். மூலப்பெயர், கம்பெனிப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அட்டையில் இருக்க வேண்டும் என்று 2018-இலிருந்து விதி. அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள், தமிழில் எழுதுங்கள், அப்பா வாய்விட்டுப் படிக்கும்படி. மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் அதன் விலை என்ன, 2025 பிப்ரவரி 24 அன்று மாநிலம் முழுக்க ஆயிரம் கடையாகத் திறந்த முதல்வர் மருந்தகத்தில் என்ன விலை என்று கேட்டு எழுதுங்கள். அருகில் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் கூட்டுறவுச் சங்கத்தில் கேளுங்கள். ஒரு மணி நேரம் ஆகும்.

இந்த வேலையை உங்கள் வீட்டோடு நிறுத்தாதீர்கள். பக்கத்து வீட்டு ஆயாவின் டப்பாவையும் பாருங்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அதற்கு அப்பாலும் இருக்கும் ஊர்களிலிருந்து மாத்திரைக்காக இறங்கி வருகிறவர்களுக்கு ஒரு நாள் கூலி போகிறது, பேருந்துக் காசு போகிறது. அவர்களுக்குப் பத்து நாள் மாத்திரை எழுதுவது, மாதத்தில் மூன்று நாள் பட்டினி எழுதுவதற்குச் சமம். நோய் நிலையாக இருக்கிறதென்றால் முப்பது நாளுக்கு, அறுபது நாளுக்கு எழுதுங்கள் மருத்துவர்களே. மூலப்பெயரில் எழுதினால் அறுபது நாள் மாத்திரையை ஒன்றாக வாங்கும் காசும் அவர்களிடம் இருக்கும்.

மாத்திரையைப் பாதியாக உடைக்கிறவர்களே, நாள் விட்டு நாள் போடுகிறவர்களே, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இன்றோடு நிறுத்துங்கள். காசில்லை என்பதை மருத்துவரிடம் சொல்வதில் வெட்கம் இல்லை. நீங்கள் சொல்லாததால், சொன்ன அளவு சாப்பிட்டும் சர்க்கரை இறங்கவில்லை என்று அவர் நினைத்து இன்னொரு மருந்தைச் சேர்க்கிறார். செலவு இன்னும் ஏறுகிறது. சிறுநீரகம் ஒருமுறை கைவிட்டுவிட்டால் வாரத்துக்கு இரண்டு முறை, மூன்று முறை டயாலிசிஸ் படுக்கை. அந்தப் பேருந்துக் காசுக்கு எந்தக் கரும்புப் பணமும் போதாது.

அன்று கடை வாசலில் அந்தப் பெரியவரின் சீட்டுக்குப் பின்புறம் "எம்பாகிளிஃப்ளோசின் 10" என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை போகும்போது இந்தப் பெயரில் எழுதித் தரச் சொல்லுங்கள், பத்து நாள் காசில் மூன்று மாதம் வாங்கலாம் என்றேன். அவர் நம்பவில்லை. கடைக்காரத் தம்பியைப் பார்த்தார். தம்பி தலையாட்டினார். பெரியவர் எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். பிறகு சீட்டை மடித்தபடியே என்னிடம் கேட்டார்:

"இப்பிடிக் கேட்டா டாக்டரு கோச்சுக்க மாட்டாரே?"

கோபித்துக்கொள்ள மாட்டார் ஐயா, அவரே எழுதித் தருவார் என்று சொல்லிவிட்டேன். பேருந்து வந்துவிட்டது. மருத்துவர்களே, உங்களைக் கேட்காமல் உங்கள் சார்பில் அந்த வாக்கைக் கொடுத்தேன். நாளைக் காலை உங்கள் முன்னால் அப்படி ஒருவர் கிழிந்த சீட்டைத் திருப்பிக் காட்டுவார்.